சுருட்டுப் புகை இன்னும் அடங்கவில்லை

அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுவினருக்கு,

வணக்கம். 2017-இல் உங்கள் வழக்கறிஞர் புளோரிடா நீதிமன்றம் ஒன்றில் வைத்த வாதம் என்னை இன்னும் விட்டபாடில்லை. கட்சி நினைத்தால் பழைய காலம்போல் பின்னறையில் சுருட்டுப் புகைத்தபடியே அதிபர் வேட்பாளரை முடிவு செய்துகொள்ளலாம், அதற்கு உரிமை உண்டு என்றார் அவர். 2016-இல் கட்சியின் அதிபர் வேட்பாளராகக் கிளின்டனோடு போட்டியிட்டுத் தோற்ற சாண்டர்ஸின் ஆதரவாளர்கள், கட்சி கிளின்டன் பக்கம் சாய்ந்ததென்று தொடுத்த அந்த வழக்கு தள்ளுபடியானது. சட்டப்படி வழக்கறிஞர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். வீடு வீடாக வாக்குக் கேட்கத் தொண்டர்களை அனுப்பியபோது இதையும் சொல்லி அனுப்பியிருக்கலாமே!

கட்சியின் வேட்பாளர் யாரென்று வாக்காளர்கள் மாநிலந்தோறும் சொல்லும் முதன்மைத் தேர்தலில், 2016 நியூ ஹாம்ப்ஷயர் கணக்கைப் பாருங்கள். சாண்டர்ஸுக்கு 60 சதவீத வாக்கு. கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் அவருக்கு 15, கிளின்டனுக்கு 9. அம்மாநிலத்தின் சூப்பர் டெலிகேட்டுகளில் (தேர்தல் முடிவுக்குக் கட்டுப்படாமல் விரும்பியவருக்கு வாக்களிக்கும் கட்சிப் பிரமுகர்கள்) ஆறு பேர் கிளின்டன் பக்கம் நின்றதும் ஆளுக்கு 15. நாடு முழுவதும் எண்ணினால் கிளின்டனுக்குத்தான் வாக்கு அதிகம். அப்படியிருக்க, ஜெயிக்கிறவருக்கு எதற்கு இந்த முட்டு? 2018-இல் சூப்பர் டெலிகேட்டுகளுக்கு மாநாட்டின் முதல் சுற்றில் இருந்த வாக்கைப் பறித்தீர்கள். நல்லது.

ஆனால் 2024? அப்போதைய அதிபர் பைடனை எதிர்த்து உங்கள் கட்சி எம்.பி. டீன் பிலிப்ஸ் களத்தில் நின்றும் ஒரு விவாதம்கூட வைக்கவில்லை. புளோரிடாவில் உங்கள் மாநிலக் கட்சி பைடன் பெயரை மட்டும் கொடுத்ததால் முதன்மைத் தேர்தலே நடக்கவில்லை. ஜூன் 27 விவாதத்தில் டிரம்ப் எதிரில் பைடன் தடுமாறியதை உலகமே பார்த்தது. ஜனவரியிலேயே சொந்தக் கட்சியார் எதிரில் அவரை நிறுத்தியிருந்தால், மாற்று தேட ஆறு மாதம் கிடைத்திருக்கும். கிடைத்ததோ, அவர் விலகிய ஜூலை 21-இலிருந்து பிரதிநிதிகளின் இணையவழி வாக்கெடுப்பு முடிந்த ஆகஸ்ட் 5 வரை. போட்டியிட விரும்புவோர் 300 பிரதிநிதிகளின் கையெழுத்தோடு வர வேண்டும் என்றீர்கள். கமலா ஹாரிஸ் ஒருவரே தேறினார். சிகாகோ மாநாடு கூடியபோது பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது.

கமலாவின் தாய் சென்னைக்காரர் என்ற பாசம் எனக்கும் உண்டு. அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தின் கோயிலில் அவருக்காகப் பூஜை நடந்தபோது நெகிழ்ந்தவன்தான். நாலு பேரோடு மோதி வென்று வந்திருந்தால் அவருக்கே அது பலமாக இருந்திருக்கும்.

2028-க்கு விதி எழுதும்போது மூன்றைச் சேருங்கள். பதவியில் இருக்கும் அதிபரும் போட்டியாளரோடு விவாதிக்க வேண்டும். வேறு வேட்பாளர் இருக்கையில் மாநிலக் கட்சி ஒற்றைப் பெயரை அனுப்பக் கூடாது. முதன்மைத் தேர்தலில் வென்றவர் விலகினால் மாநாட்டு அரங்கிலேயே வாக்கெடுப்பு நடக்க வேண்டும். முடியாதென்றால், வழக்கறிஞரின் அந்தச் சுருட்டு வாதத்தையே விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கட்சிக்கே வாக்களித்துவரும் ஒரு தமிழன்