பசுந்தேயிலை விலை இறங்கும்போது

ஆசிரியருக்கு வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஏக்கர் சொச்சம் தேயிலை வைத்திருக்கிறேன். நாங்கள் பறித்து விற்கும் பச்சை இலையின், அதாவது பசுந்தேயிலையின், விலை கொஞ்சம் இறங்கினாலே 'இனி அவ்வளவுதான், தோட்டத்தை விற்றுவிடலாம்' என்று ஊரில் பேச்சு கிளம்பிவிடுகிறது. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்து, நம் தேயிலையை அள்ளி வாங்கிய சந்தை ஆட்டம் கண்டதையும், தொண்ணூறுகளின் கடைசியில் விலை அதலபாதாளத்துக்குப் போனதையும் பார்த்த மலை இது. அப்போதும் தோட்டத்தைக் கைவிடாதவர்கள் இங்கே இருக்கிறார்கள், தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகுக்கொடியும் வீட்டில் ஒரு மாடும் அவர்களுக்குக் கைகொடுத்தன.

சரி, நம்பிக்கையை மட்டும் வைத்து மளிகைக்கடை பாக்கியை அடைக்க முடியாதே. மார்கழியில் உறைபனி விழுந்து இலை கருகும், படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைச் செலவும் அதையொட்டியே வரும், இது தெரிந்த கதைதான், ஆனாலும் இலை நிறையக் கிடைக்கும் மாதங்களில் நாம் எதையும் எடுத்து வைப்பதில்லை. தபால் ஆபீசில் மாதம் 100 ரூபாயிலிருந்தே ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) கட்டலாம். அப்புறம், அவசரத்துக்கு நம்மிடம் இலை வாங்கும் ஏஜென்டிடம் முன்பணம் வாங்குவது எனக்கு ஒப்பவே இல்லை, வாங்கிவிட்டால் அடுத்த இலைக்கு அவர் சொல்வதுதான் விலை. நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் வைப்பது எவ்வளவோ தேவலை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். குன்னூர் தேயிலை ஏலத்தின் சராசரி விலையை வாராவாரம் உங்கள் பத்திரிகையின் நீலகிரிப் பக்கத்தில் கட்டம் போட்டு வெளியிடுங்கள்.

சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி