டிராக்டரில் ஏறப்போகும் மகளுக்கு

உட்லண்ட்ஸ்
மே மாதம்

அன்பு மகளுக்கு,

சித்தப்பாவின் டிராக்டரை ஓட்டிப் பழகப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. நான் உன்னைத் தடுக்கப் போவதில்லை. விவசாயம் செய்தே தீருவேன் என்று மன்னார்குடிப் பக்கம் போன பிள்ளை, ஒவ்வொரு உழவுக்கும் இன்னொருவர் வந்து ஓட்டட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் முழுதாக எழுதுகிறேன். அச்செடுத்து வண்டிக் கொட்டகையில் மாட்டி வை.

முதலில் உன் உரிமம். சிங்கப்பூரின் 3ஆம் வகுப்பு உரிமத்தில் 2,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டரும் அடக்கம். ஆனால் உன்னிடம் இருப்பது 3ஏ. கிளட்ச் மிதி இல்லாத வண்டிக்கு மட்டும்தான் அது. ஆக, உன் இடது கால் இதுவரை வண்டியில் சும்மா இருந்த கால். அதற்குத்தான் முதல் பாடம். நம் வயலுக்குள் பழகிக்கொள். தார்ச் சாலையில் ஏற்றுவது, அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து முறையான உரிமம் வாங்கிய பிறகுதான். சித்தப்பா "பக்கத்துத் தெரு வரைக்கும்தானே" என்று சொன்னாலும் சரி என்று சொல்லாதே.

இன்னொன்று. காரில் கண் முன்கண்ணாடிக்கு வெளியே இருந்தால் போதும். டிராக்டரில் வேலை நடப்பது உன் முதுகுக்குப் பின்னால், ஆபத்து இருப்பதும் அங்கேதான். இதில் நான் எழுதுவதில் பாதி அந்தப் பின்பக்கத்தைப் பற்றியது.

முதல் நாள் எஞ்சினைக் கிளப்பாமல் இருக்கையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார். இடது காலடியில் கிளட்ச். வலது காலடியில் இரண்டு பிரேக் மிதிகள்: ஒன்று இடது பின்சக்கரத்துக்கு, மற்றது வலது பின்சக்கரத்துக்கு. வயல் மூலையில், திரும்பும் பக்கத்துப் பிரேக்கை மட்டும் மிதித்தால் அந்தச் சக்கரத்தை ஊன்றிக்கொண்டு வண்டி குறுகலாகத் திரும்பும். வேகமாகப் போகும்போது அப்படி ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழ்ந்துவிடும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பூட்ட ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள். பழகும் வரை அது பூட்டியே இருக்கட்டும்; சாலையில் என்றைக்கும் பூட்டியே இருக்க வேண்டும்.

வலது குதிகாலுக்கு அருகே இன்னொரு சின்ன மிதி இருக்கும், டிஃபரன்ஷியல் லாக். ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றி மற்றது சும்மா நிற்கும்போது இரண்டையும் ஒன்றாகச் சுழல வைப்பது இது. நேராகப் போகும்போது மட்டும் மிதி. அது பிடித்திருக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பாது, உள்ளே பற்சக்கரம்தான் உடையும். வேகத்துக்கு இரண்டு வழி உண்டு: கால் ஆக்சிலரேட்டர் சாலைக்கு, கை லிவர் உழவுக்கு. உழும்போது கை லிவரை ஓரிடத்தில் வைத்துவிட்டால் எஞ்சின் சீராக ஓடும்.

கிளப்புமுன் கியர் லிவர் இரண்டும் (ஒன்று கியருக்கு, மற்றது ஹை, லோ வரிசைக்கு) நியூட்ரலில், பிடிஓ லிவர் (எஞ்சின் வலுவைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுப்பது) விலகிய நிலையில், கலப்பை தரையில் இருக்கிறதா என்று பார். கிளட்ச்சை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பு. 10 நொடிக்குள் கிளம்பாவிட்டால் விட்டுவிட்டு அரை நிமிடம் பொறுத்து மறுபடி முயற்சி செய். விடாமல் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பேட்டரியும் போகும். கிளம்பியதும் ஆயில் விளக்கு அணைகிறதா பார். அணையாவிட்டால் உடனே நிறுத்து. எப்போதும் இருக்கையில் உட்கார்ந்துதான் கிளப்ப வேண்டும். கீழே நின்றபடி கைநீட்டிச் சாவியைத் திருப்புவதை ஊரில் பலர் செய்வதைப் பார்ப்பாய். கியரில் கிடந்த வண்டி அப்படிக் கிளம்பினால், பின்சக்கரம் ஏறுவது நிற்பவர் மேல்தான்.

ஓட்டுவதற்கு முன் நிறுத்தப் பழகு. கிளட்ச், பிரேக், நியூட்ரல், கைப்பிரேக், கலப்பையை இறக்குவது, ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தும் குமிழை இழுப்பது, கடைசியாகச் சாவியைக் கையில் எடுப்பது. இந்த வரிசை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். தூக்கிய கலப்பையை அப்படியே விட்டுப் போகாதே. ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து மெல்ல இறங்கும், அல்லது யாராவது குழந்தை லிவரைத் தொடும்.

காரைப் போல ஓட ஓட கியரை ஏற்றிக்கொண்டே போகும் பழக்கம் உழவில் எடுபடாது. மண்ணுக்குள் கலப்பை இருக்கும்போது கிளட்ச்சை மிதித்த கணமே வண்டி நின்றுவிடும். அதனால் நின்ற இடத்திலேயே லோ வரிசையில் வேண்டிய கியரைப் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டு, கடைசி வரை அதே கியரில் போ. தொடக்கத்தில் லோ 1, பிறகு லோ 2. உழவுக்கு மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போதும். பழகியவரோடு நடப்பது போன்ற வேகம் அது. கால் கிளட்ச் மேல் ஓய்வெடுக்கக் கூடாது. அரைகுறையாக அழுந்திக் கிடந்தால் தகடு சூடேறித் தேய்ந்துவிடும், மாற்ற வண்டியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

கலப்பை மாட்டுவது தனியாகப் பழக வேண்டிய வேலை. வண்டியின் பின்னால் கீழே இரண்டு இரும்புக் கைகள், மேலே டாப் லிங்க் என்ற நீளம் மாற்றக்கூடிய கம்பி, ஆக மூன்று இடத்தில் பிடிப்பு. இந்த அமைப்பை உருவாக்கியவர் அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன். மாசி பெர்குசன் டிராக்டரின் பெயரில் இருப்பது அவர்தான். வெறுமனே கட்டி இழுக்காமல் இப்படிப் பிடித்திருப்பதால், மண் கலப்பையைப் பின்னுக்கு இழுக்கும்போது அந்த விசை டாப் லிங்க் வழியாக வந்து முன்சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிறது. மாட்டும் வரிசை: முதலில் இடது கை, பிறகு வலது கை, கடைசியில் டாப் லிங்க். வலது கையில் உயரம் சரிசெய்யும் திருகு இருப்பதால்தான் அது இரண்டாவது. கழற்றும்போது தலைகீழ் வரிசை. சித்தப்பா வண்டியை நகர்த்த, நீ வண்டிக்கும் கலப்பைக்கும் நடுவில் நின்று துளை பார்த்துச் சொல்வது கூடவே கூடாது. வண்டி நின்று கைப்பிரேக் போட்ட பிறகு உள்ளே போ.

மாட்டியதும் சமதளத்தில் இறக்கிப் பார். கலப்பையின் ஒன்பது கொழுவும் ஒன்றாகத் தரை தொட வேண்டும். முன்வரிசை மட்டும் ஆழமாகப் போனால் டாப் லிங்க்கை நீட்டு, பின்வரிசை ஆழமாகப் போனால் குறை. ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வலது கைத் திருகைச் சுற்று. இருக்கைக்கு வலப்புறம் இருக்கும் இரண்டு லிவர்களில் ஒன்று கலப்பையை ஒரே உயரத்தில் நிறுத்துவது, மற்றது மண்ணின் இறுக்கத்தைப் பார்த்துத் தானே தூக்கி இறக்குவது. புழுதி உழவுக்கு இரண்டாவது, ரோட்டவேட்டருக்கு (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) முதலாவது. மூலையில் திரும்புமுன் கலப்பையைத் தூக்கிவிடு. மண்ணுக்குள் வைத்துக்கொண்டே திரும்பினால் கொழு வளையும்.

இப்போது பிடிஓ. மகளே, இந்தப் பகுதியை இரண்டு முறை படி. ரோட்டவேட்டருக்கு எஞ்சினிலிருந்து வலுவைக் கொண்டுபோகும் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது ஒரு நொடிக்கு 9 சுற்று. துப்பட்டாவின் நுனி அதில் பட்டால், என்ன நடக்கிறது என்று உனக்குப் புரிவதற்குள் முழுத் துணியும் சுற்றிக்கொண்டு ஆளையும் இழுத்துவிடும். சேலை, துப்பட்டா, கைலி, தொங்கும் துண்டு, அவிழ்ந்த கூந்தல் எதுவும் வண்டிப் பக்கம் வேண்டாம். கால்சட்டை, உடம்பை ஒட்டிய சட்டை, இறுக்கிக் கட்டிய கொண்டை. சுற்றும் தண்டைத் தாண்டிப் போகாதே, எவ்வளவு அவசரமானாலும் சுற்றிக்கொண்டு போ. வைக்கோலோ கம்பியோ சிக்கினால் எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டு, கத்திகள் அசையாமல் நின்ற பிறகுதான் கை வைக்க வேண்டும்.

சித்தப்பாவின் வண்டியில் இரட்டைக் கிளட்ச் இருந்தால் பாதி மிதிப்பில் வண்டி நிற்கும், பிடிஓ சுற்றிக்கொண்டே இருக்கும். முழுதாக மிதித்தால்தான் அதுவும் நிற்கும். எது எந்த இடத்தில் நிற்கிறது என்று காலால் உணர்ந்து பழகு. வண்டி நின்றுவிட்டது என்று இறங்கியவருக்குப் பின்னால் தண்டு சுற்றிக்கொண்டிருப்பது இதனால்தான். ரோட்டவேட்டரைத் தரைக்குச் சற்று மேலே வைத்து, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பிடிஓவைப் போட்டு, வேகத்தைக் கூட்டி, பிறகு மெல்ல இறக்கு. ஓடும் நிலையில் மிக உயரே தூக்கினால் தண்டின் மூட்டு மடங்கிக் கடகடவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும் இறக்கிவிட வேண்டும்.

ஜூன் 12 மேட்டூர் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தால் குறுவைக்குச் சேறு அடிக்கக் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவார்கள். அந்த வேலையை இந்தப் போகம் நீ பார்த்து மட்டும் பழகு. அடுத்த போகத்தில் செய்யலாம். காரணம் சொல்கிறேன். சேற்றில் பின்சக்கரம் புதைந்து சுழல முடியாமல் நிற்கும்போது, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சினின் வலு போக வேறு இடம் இல்லை. சக்கரம் சுற்றாததால், அச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியின் மூக்கே மேலே எழும். ஒன்றரை நொடிக்குள் மல்லாந்துவிடும். குதிக்க நேரம் இருக்காது. சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஏற்றுவது சிலரின் வழக்கம். அதுதான் இந்த விபத்துக்கு நேர்வழி, யார் சொன்னாலும் செய்யாதே.

முன்சக்கரம் லேசாகிறது, ஸ்டீயரிங் பிடிப்பில்லாமல் வருகிறது என்று தெரிந்த கணமே கிளட்ச்சை முழுதாக மிதி. பிரேக்கைத் தேடாதே. புதைந்துவிட்டால் ரோட்டவேட்டரைக் கழற்றி, சக்கரத்துக்குப் பின்னால் மண்ணைச் சரித்துவிட்டு, பின்னோக்கி எடுத்துப் பார். வராவிட்டால் இன்னொரு வண்டியைக் கூப்பிடு. இழுக்கிற வண்டியின் சங்கிலி கீழே உள்ள இழுவைக் கம்பியில்தான் மாட்டப்பட வேண்டும். டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ அச்சிலோ கட்டினால் அந்த வண்டியும் மல்லாந்துவிடும். வரப்பைத் தாண்டும்போது குறுக்காகச் சாய்ந்து ஏறாமல் நேர் எதிரே நின்று லோ 1இல் ஏறு. உயரமான வரப்பு என்றால் பின்னோக்கி ஏறுவது நல்லது, அல்லது மண்வெட்டியால் வரப்பைச் சரித்து வழி செய்துகொள். வாய்க்கால் கரை ஓரத்தில் கரையின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது விலகிப் போ. ஈரக்கரை வண்டியின் எடையில் சொல்லாமல் சரியும்.

மட்கார்டில் யாரையும் உட்கார வைக்காதே, சித்தப்பாவின் பிள்ளைகள் அழுதாலும் சரி. அங்கிருந்து விழுபவர் பின்சக்கரத்துக்கும் கலப்பைக்கும் நடுவேதான் விழுவார்.

தினசரிப் பராமரிப்பு அதிகம் இல்லை. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், சக்கர நட்டுகள். புழுதி உழவு நடக்கும் நாட்களில் ஏர் கிளீனர் கிண்ணத்தின் ஆயிலையும் தினம் பார். சேறு போலக் கட்டியிருந்தால் மாற்று. கரும்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது பாரம் அதிகம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, மெக்கானிக்கைக் கூப்பிடு. டீசலை வேலை முடிந்த மாலையிலேயே நிரப்பு. காலித் தொட்டியில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து டீசலோடு கலக்கும். டீசல் முழுதும் தீரும்வரை ஓட்டினால் குழாயில் காற்று புகுந்து, நிரப்பிய பிறகும் கிளம்பாது. அப்போது ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வரும்போது இறுக்க வேண்டும். முதல் முறை சித்தப்பா செய்வதைப் பக்கத்தில் நின்று பார்.

உன் அளவுக்குக் கணுக்காலைப் பிடிக்கும் காலணி வாங்கிவிட்டோம். அடுத்த வாரம் திருச்சி விமானத்தில் வரும் அத்தையிடம் கொடுத்துவிடுகிறேன். அதற்குள் ஒரு வேலை செய். எஞ்சின் நிற்கும்போது ரோட்டவேட்டர் தண்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையைக் கையால் சுற்றிப் பார். தண்டு நிற்க, உறை மட்டும் தனியாகச் சுற்ற வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தாலோ, உடைந்திருந்தாலோ, உறையே இல்லாவிட்டாலோ ஒரு படம் எடுத்து அனுப்பு. தண்டின் நீளத்தையும் அளந்து எழுது. புது உறைக்கான பணத்தை அன்றைக்கே சித்தப்பா கணக்கில் போட்டுவிடுகிறேன். அது மாட்டும் வரை ரோட்டவேட்டர் பக்கம் நீ போக வேண்டாம்.

அன்புடன்,
அப்பா