மாதிரி விமானத்துக்குப் படகுக் கண்ணாடியிழைப் பாய் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களியக்காவிளை முதல் நீரோடி வரையிலான எங்கள் எல்லைப் பகுதியில், மாதிரி விமானம் செய்யும் மாணவர்கள் படகுப் பட்டறையில் கிடைக்கும், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழைப் பாயையும் (நறுக்கிய இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு) பாலியெஸ்டர் ரெசின் என்னும் இறுகும் பிசினையும் கொண்டே உடற்கூட்டை வார்ப்பது வருத்தமளிக்கிறது. அலை மோதும் வள்ளத்துக்கு ஏற்ற அந்தப் பாய், தன் எடையைப் போல் இருமடங்கு ரெசினைக் குடிப்பதால், ஒற்றை அடுக்கே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,350 கிராம் ஆகிவிடும். பெரும்பாலான பாய்களில் இழைகளை ஒட்டியிருக்கும் பசை, பாலியெஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீன் என்னும் கரைப்பானில்தான் கரையும் என்பதால், எபாக்சி என்னும் வேறுவகை ரெசினுக்கு மாறினாலும் பயனில்லை.

நெய்த கண்ணாடியிழைத் துணியோ, மிகுதி ரெசினை ஒற்றியெடுத்தால், ஏறக்குறைய தன் எடையளவே ஏற்கும். அச்சுக்குள் முதலில் சதுர மீட்டருக்கு 49 கிராம் எடையுள்ள துணி, அதன்மேல் 105 கிராம் துணி என எபாக்சியுடன் விரித்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 310 கிராம்தான். மெல்லிய முதல் துணி ஊசித்துளைகளையும் நெசவுத் தடத்தையும் குறைக்கும். இரண்டாவதை 45 பாகை சாய்த்து விரித்தால் வால்பகுதி முறுக்கைத் தாங்கும். மூக்கிலும் இறக்கை அமரும் இடத்திலும் மட்டும் கூடுதல் துண்டுகள் போதும். வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் ஈடாக மூக்கில் அதைவிட மிகுதியாக ஈயம் வைக்க நேரும் என்பதை மாணவர்கள் மறக்கலாகாது.

இங்குள்ள கடைக்காரர்கள் மெல்லிய நெய்த துணியை ஒரு சுருளேனும் வாங்கி வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், களியக்காவிளை