ஒரு கவர் மரச்சில்லுகளுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று மாலை பட்டறையிலிருந்து போன் வந்தது. கிட்டார் பிழைத்துவிட்டது. முகப்பலகையை மாற்ற வேண்டியதில்லையாம். கேட்டதும் அழுதுவிட்டேன். விமானப் பயணத்தில் என் பழைய கிட்டார் உடைந்துபோனது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை விவரமாக மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி அந்த விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அம்மாவுக்கு. கிட்டார் பெட்டியை என்னிடம் கொடுத்தவர்கள் படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு சரி. நான் சுவரோரமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து ஒரு பழுப்புக் கவரை நீட்டினார். "கீழே சிதறிக் கிடந்தது. மரம், அதுவும் பழசு. குப்பையில் போட மனசு வரவில்லை" என்றார். உள்ளே, கை துடைக்கும் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றி, முகப்பலகையின் ஸ்ப்ரூஸ் மரச் சில்லுகள். ஒரு துண்டில் ஒலித்துளையைச் சுற்றி ஓடும் வேலைப்பாட்டின் விளிம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. பச்சையும் சிவப்புமாகச் சாயமேற்றிய மரத்துணுக்குகள், ஒவ்வொன்றும் கடுகளவு.

அவர் அதைக் கூட்டித் தள்ளியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். ஆள் நடமாட்டமும் தள்ளுவண்டிகளுமாக இருந்த இடத்தில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறார். அப்புறம் யாருடையது என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

மாட்ரிட் பட்டறையில் பழுதுபார்ப்பவர் அந்தக் கவரை வெள்ளைத் துணியில் கொட்டினார். இடுக்கியால் ஒன்றொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இருக்கிறதே, போதும்" என்றார். முகப்பலகையின் தடிமனே இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான். பிளந்த இடத்தைப் புது மரம் வைத்தும் அடைக்கலாம். ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் காய்ந்து பழுத்த மரத்தோடு அது நிறத்திலும் இழையோட்டத்திலும் லேசில் சேராது. சொந்தச் சில்லு கிடைத்தால் முறிந்த விளிம்பும் விளிம்பும் அப்படியே பொருந்தும். அந்தக் காலத்தில் ஒட்டியது நம்மூர் தச்சர்கள் காய்ச்சும் அதே வஜ்ஜிரப் பசை. சூடும் ஈரமும் காட்டினால் இளகிக் கொடுக்கும். பழைய கிட்டார்களைப் பிரித்துச் சேர்க்க முடிவதே அதனால்தான்.

இது யார் செய்த கிட்டார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் 'மானுவேல் ராமிரெஸின் விதவை' என்று இருக்கிறது. மானுவேல் தன் அண்ணன் ஹோசேயிடம் தொழில் கற்றவர். பாரிசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மாட்ரிடிலேயே தனிக்கடை போட்டார், அண்ணன் தம்பி உறவு அத்தோடு முறிந்தது. 1916இல் மானுவேல் இறந்த பிறகு, அவரிடம் வேலை பார்த்த சாந்தோஸ் எர்னாந்தெஸ், தொமிங்கோ எஸ்தேசோ, மொதெஸ்தோ பொர்ரெகெரோ ஆகியோர் அவர் மனைவிக்காகப் பட்டறையைத் தொடர்ந்து நடத்தினார்கள். புகழ்பெற்ற ஸ்பானிய கிட்டார் கலைஞர் செகோவியா இளம் வயதில் பெற்றுப் பல ஆண்டுகள் வாசித்த 1912ஆம் ஆண்டு கிட்டாரும் இந்தப் பட்டறையில் பிறந்ததுதான். இன்று அது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீட்டில் மானுவேல் பெயர், செய்த கை சாந்தோஸுடையது என்பார்கள். சாந்தோஸும் எஸ்தேசோவும் பின்னால் தனிக்கடை வைத்துப் பெரும் பெயர் எடுத்தார்கள். ஆனால் என்னிடம் இருப்பதைப் போன்ற கிட்டார்களில் முதலாளி வீட்டுப் பெயர் மட்டும்தான் நிற்கிறது. இத்தனை நாள் அந்தச் சீட்டைப் பெருமையோடு மட்டும் பார்த்தேன். இப்போது, அதில் இல்லாத பெயர்களும் கண்ணில் படுகின்றன.

அதனால் பழுதுபார்த்த விவரத்தை எழுதி உள்ளே ஒட்டப்போகும் சீட்டில் அந்த அம்மாவின் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் கேட்டபோது முதலில் வேண்டாம் என்றார். அப்புறம், மகளிடம் காட்டலாமே என்று ஒத்துக்கொண்டார்.

பணம் அனுப்பியவர்களே, பட்டறைக்கு வழிகாட்டியவர்களே, கச்சேரிக்குத் தன் சொந்த கிட்டாரைக் கொடுத்துவிட்டுப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்த நண்பரே, ராத்திரி முழுக்கப் போனில் கூடவே இருந்த அக்கா, உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. பின்பலகை பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால் எல்லை தாண்டக் கெடுபிடி அதிகம். அந்தக் காகிதங்களையெல்லாம் பொறுமையாகப் படித்து விளக்கிய வழக்கறிஞர் தம்பிக்குத் தனி நன்றி.

இனி இதைப் பூட்டி வை என்று பலர் சொல்கிறார்கள். அக்கறையில் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் என் டீச்சர் இதை ஒப்படைத்தபோது சொன்னது "வாசி" என்பது மட்டும்தான். வாசிப்பேன். என்னிடம் படிக்கும் பிள்ளைகளும் வாசிப்பார்கள். விமானத்தில் மட்டும் இனி பக்கத்து இருக்கைக்கும் டிக்கெட் எடுப்பேன்.

ஒட்டு நன்றாக இறுகிய பிறகே நரம்பு கட்டுவார்கள். முகப்பலகை தப்பியதால் செலவு நினைத்ததைவிடக் குறைவு. மீதிப் பணத்தை அவரவருக்கே திருப்பி அனுப்புகிறேன், தயவுசெய்து மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.