ஜெர்சி ரெட்ஸ் வென்ற அந்த சீசன்: ட்விக்கனத்துக்கு ஒரு திறந்த மடல்

ட்விக்கனத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இங்கிலாந்து ரக்பி ஒன்றியத்தின் கவுன்சில் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2023 செப்டம்பர் 28, வியாழக்கிழமை. ஜெர்சி ரெட்ஸ் ரக்பி கிளப் மூடப்படுகிறது, அந்த மாதச் சம்பளம் வராது என்று தெரியவந்த நாள். சில மாதங்களுக்கு முன்னால்தான் அந்த அணி உங்கள் இரண்டாம் அடுக்கின் சாம்பியன் பட்டத்தை வென்றிருந்தது. அதே செப்டம்பரில்தான் பிரீமியர்ஷிப் கோப்பை ஆட்டத்தில் முதல் அடுக்கான பிரீமியர்ஷிப்பில் ஆடும் பாத் அணியைத் தோற்கடித்திருந்தது. உலகக் கோப்பைக்குப் போன வீரர்கள் அன்று பாத் பக்கம் இல்லை, சரி. ஆனால் அந்த சீசன் முடிவில் பிரீமியர்ஷிப் இறுதி ஆட்டம் வரை போனது அதே பாத் கிளப்தான். அவர்களை வென்றவர்களோ அதற்குள் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான் பெட்ஃபர்டில் வசிக்கிறேன். கோல்டிங்டன் ரோடு மைதானத்தில் சனிக்கிழமை மதியங்களில் நின்று ஆட்டம் பார்ப்பவன். எங்கள் பெட்ஃபர்ட் அணியும் அதே இரண்டாம் அடுக்குதான், ஜெர்சி எனக்கு எதிரணி. அவர்கள் வந்தால் எங்களுக்குத் தோல்வி பயம் உண்டு. இருந்தும் அந்த வியாழக்கிழமைச் செய்தி என்னை இன்னும் விடவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஜெர்சி சுமார் 1 லட்சம் பேர் வாழும் தீவு. இங்கிலாந்தைவிட பிரான்ஸ் கரைக்குப் பக்கம். செயின்ட் பீட்டரில் விமான நிலையத்தை ஒட்டித்தான் மைதானம். 2012-இல் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்புக்கு ஏறி வந்தவர்கள். 2022-23 சீசனில் 12 அணிகள், ஒவ்வொருவருக்கும் 22 ஆட்டங்கள். அதில் 11 வெளியூர் ஆட்டங்களுக்கும் ஜெர்சிக்காரர்கள் கடல் தாண்டியாக வேண்டும். மூடுபனியில் விமானம் தாமதமாகலாம், ஓடி முடித்த கால் வீங்கியிருக்கலாம், அப்படியே திரும்பிப் போக வேண்டும். ஹார்வி பில்ஜோன் பயிற்சியில் அந்த அணி இத்தனையையும் தாண்டி, பணபலம் மிக்க ஈலிங் டிரெயில்ஃபைண்டர்ஸைப் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பிடித்தது.

பரிசு என்ன கிடைத்தது? மேலே போக முடியவில்லை. மைதானம் உங்கள் அளவுகோலுக்கு எட்டவில்லை. அந்த சீசன் நடக்கும்போதே வுஸ்டரும் வாஸ்ப்ஸும் கடனில் விழுந்து வெளியேறின. 2023 ஜூனில் லண்டன் ஐரிஷும் போயிற்று. 13 அணிகள் இருந்த பிரீமியர்ஷிப் 10 ஆகச் சுருங்கியது. மேலே மூன்று நாற்காலி காலியாக இருந்த வருடம் அது. கீழே முதலில் வந்தவருக்கு ஒன்றுகூட இல்லை.

அந்தக் கோடையில் ஜெர்சி நிர்வாகம் முதலீட்டாளர்களைத் தேடி அலைந்தது. இரண்டாம் அடுக்கு அடுத்த வருடம் எப்படி இருக்கும், அதில் யார் இருப்பார்கள், எவ்வளவு பணம் வரும் என்று எவருக்கும் தெரியவில்லை. அந்தத் தெளிவின்மைதான் பணம் போட வந்தவர்களை விரட்டியது என்று கிளப்பே அப்போது வெளிப்படையாகச் சொன்னது. ‘பிரீமியர்ஷிப் 2’ என்று ஒரு திட்டம், 2024-இல் தொடங்கும் என்றார்கள். தொடங்கவில்லை. 2025-இல்தான் 14 அணிகளோடு ‘சாம்ப் ரக்பி’ என்ற புதுப் பெயர் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு சாம்பியனையே இழந்துவிட்டோம். 2023-24 சீசன் 11 அணிகளோடு ஓடியது.

செப்டம்பர் கடைசியில் வேலை போவதென்றால் என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மே மாதம் போயிருந்தால் வேறு கிளப் தேட நேரம் இருந்திருக்கும். செப்டம்பர் கடைசிக்குள் எல்லாக் கிளப்பும் ஆள் எடுத்து, சம்பளக் கணக்கை முடித்துவிடும். வாடகை வீடு தீவில், அடுத்த வேலை கடலுக்கு அப்பால். தோள்பட்டையில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒரு ப்ராப் வீரனை, முன்வரிசையில் நின்று தள்ளுபவனை, அந்த நேரத்தில் யார் எடுப்பார்கள்?

இதெல்லாம் ஜெர்சியோடு தொடங்கியதில்லை. 2020 பிப்ரவரியில் சாம்பியன்ஷிப் கிளப்புகளுக்கான பணத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தீர்கள். ஒரு கிளப்புக்கு வருடத்துக்கு 5 லட்சம் பவுண்டுக்கு மேல் வந்துகொண்டிருந்தது 3 லட்சத்துக்கும் கீழே போனது. அதுவும் அடுத்த சீசனிலிருந்தே. முன்பு கூட்டிக் கொடுத்த பணத்துக்கு எதிர்பார்த்த பலன் வரவில்லை என்று காரணம் சொன்னீர்கள். அடுத்த மாதமே கொரோனா வந்து மைதானங்களைப் பூட்டியது. முழுநேர வீரர்களை வைத்திருந்த கிளப்புகள் பகுதிநேரத்துக்கு இறங்கின. காலையில் பள்ளியிலோ கட்டட வேலையிலோ இருந்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள், எட்டெட்டுப் பேர் கோத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் முழுநேர அணிக்கு எதிரே தோள் கொடுக்க வேண்டிய நிலை.

ஸ்க்ரம் என்று சொன்னதும் கோல்டிங்டன் ரோடு ஞாபகம் வருகிறது. ஜனவரியில் ஒரு ஆட்டத்துக்கு வாருங்கள். இருக்கை வேண்டாம், எல்லைக்கோட்டுப் பக்கம் நில்லுங்கள். நடுவர் ‘க்ரவுச்’ என்று சொன்னதும் 16 பேர் குனிவார்கள். ‘பைண்ட்’ என்றதும் ப்ராப்களின் விரல்கள் எதிராளியின் சட்டையைத் தேடிப் பிடிக்கும். ‘செட்’ என்றதும் அந்த மோதல் சத்தம் வயிற்றுக்குள் கேட்கும். முதுகுகளிலிருந்து ஆவி பறக்கும். சேறு உங்கள் காலணி வரை தெறிக்கும். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் பந்தோடு உள்ளே ஓடுவார்கள். இப்போதுதான் 80 நிமிடம் ஆடிய வீரன், காதுக்கு மேல் ரத்தம் காய்ந்திருக்க, ஏழு வயதுப் பையனுக்குப் பந்தைச் சுழற்றி எறியக் கற்றுக்கொடுப்பான். இங்கிலாந்து அணிக்கு ஆள் இங்கேயிருந்தும் வந்திருக்கிறது. பில்லி ட்வெல்வ்ட்ரீஸ் எங்கள் பெட்ஃபர்டில் ஆடிவிட்டுத்தான் லெஸ்டர், குளோஸ்டர் வழியாக நாட்டுக்கு ஆடினார்.

2021 மார்ச்சில் நடந்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. சம்பள உச்சவரம்பை மீறியதற்காகக் கீழே அனுப்பப்பட்ட சாரசென்ஸ், சாம்பியன்ஷிப்பில் தன் முதல் ஆட்டத்தை ஆடப் பென்சான்ஸ் போனது. கொரோனா காலம். மென்னே ஃபீல்டில் பார்வையாளர் கிடையாது. கார்னிஷ் பைரேட்ஸ் 25-17 என்று வென்றது. பல முறை ஐரோப்பாவை வென்ற கிளப்பை, நாட்டின் தென்மேற்கு முனையில் இருக்கும் ஒரு சின்ன ஊர் அணி சாய்த்தது. அதே சாரசென்ஸ் அந்த சீசனின் பிளேஆஃபில் ஈலிங்கை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 117-15 என்று நசுக்கியதும் உண்மைதான். இரண்டு அடுக்குக்கும் இடையே பள்ளம் பெரிது என்பதை நான் மறைக்கவில்லை. அந்தப் பள்ளத்தில் ஏணி வைப்பது யார் வேலை என்பதுதான் என் கேள்வி.

தயாராகாத கிளப்பை மேலே விட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் லண்டன் வெல்ஷைக் காட்டலாம். நியாயம்தான். 2014-15 சீசனில் அவர்கள் 22 ஆட்டங்களிலும் தோற்றார்கள். 2017 ஜனவரியில் அந்தத் தொழில்முறைக் கிளப்பே இல்லாமல் போனது. அதை நானும் மறக்கவில்லை.

ஆனால் எக்ஸிடரையும் பாருங்கள். 2010-இல், சாம்பியன்ஷிப்பின் முதல் சீசனிலேயே, பிரிஸ்டலை இரண்டு ஆட்டங்களிலும் வென்று மேலே போனார்கள். ஒரு வருடத்தில் திரும்பி வந்துவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2017-இல் பிரீமியர்ஷிப் சாம்பியன். 2020-இல் பிரீமியர்ஷிப்பும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பையும் ஒரே சீசனில். சாண்டி பார்க் மைதானம் அவர்கள் மேலே போன பிறகு வளர்ந்தது. கதவு திறந்திருந்ததால் கூட்டம் வந்தது, கூட்டம் வந்ததால் ஸ்டாண்டு எழுந்தது. 10,001 பேருக்கு இடம் கட்டிவிட்டு வா என்று முதலிலேயே சொன்னால், வராத கூட்டத்துக்காக யார் கடன் வாங்கிக் கட்டுவார்கள்?

2022-இல் ஈலிங், டான்காஸ்டர் இரண்டுமே முன்னணியில் இருந்தபோது, சீசன் முடியும் முன்பே இருவருக்கும் கதவு இல்லை என்று அறிவித்தீர்கள். மீதி ஆட்டங்களுக்கு அந்த வீரர்கள் எந்த மனதோடு களம் இறங்கியிருப்பார்கள்? ஈலிங் அந்தப் பட்டத்தை வென்றது. 2024-இலும் வென்றது, 2025-இலும் வென்றது. மூன்று முறையும் இருந்த இடத்திலேயே இருந்தது. 2021-இல் சாரசென்ஸ் திரும்பிப் போனதற்குப் பிறகு 2025 வரை பட்டம் வென்ற எவரும் மேலே போகவில்லை. நான் ஈலிங் ரசிகன் இல்லை. எங்களை நிறைய முறை அடித்திருக்கிறார்கள். ஆனாலும் இது மனசுக்கு ஒப்பவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், பெரிதாக எதுவும் இல்லை. இந்த சீசனில் முதலில் வருபவருக்கு என்ன கிடைக்கும் என்பதை முதல் விசிலுக்கு முன்னால் எழுத்தில் கொடுங்கள். இடையில் மாற்றாதீர்கள். கீழிருந்து யாரும் ஏறாதபடி மேல் அடுக்கைப் பூட்டிவிடலாம் என்ற பேச்சு வருடா வருடம் வந்திருக்கிறது. அப்படி ஒரு எண்ணம் இருந்தால் அதையும் முன்கூட்டியே, காரணத்தோடு, கிளப்புகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பணம் எவ்வளவு என்பதைக் குறைந்தது மூன்று வருடத்துக்குச் சேர்த்துச் சொல்லுங்கள். தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அதை நம்பி ஒரு பிசியோதெரபிஸ்டை வேலைக்கு வைக்க முடியும், ஒரு இளைஞனுக்கு இரண்டு வருட ஒப்பந்தம் கொடுக்க முடியும். மைதான விதியில், மேலே போன பிறகு வளர்வதற்குப் போதுமான காலம் கொடுங்கள்.

அப்புறம் ஒன்று. இதை நான் அதிகம் யோசித்திருக்கிறேன். சீசன் நடுவில் ஒரு கிளப் விழுந்தால், அதன் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் மூன்று மாதச் சம்பளமாவது கிடைக்க ஒரு பொது நிதி வேண்டும். வீரரின் காயத்துக்கான சிகிச்சைச் செலவும் அதில் வர வேண்டும். மேல் அடுக்கு, கீழ் அடுக்கு எல்லோரும் அவரவர் அளவுக்குப் போடட்டும். ஒரே சீசனில் மூன்று பிரீமியர்ஷிப் கிளப்புகள் விழுந்ததைப் பார்த்த பிறகு, இது கீழே இருப்பவர்களின் பிரச்சினை மட்டும் என்று எவரும் சொல்ல முடியாது.

எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. 14 கிளப்புகளுக்கும் எழுதுங்கள், அடுத்த சீசன் ஆட்ட அட்டவணை வெளியாகும் முன்பே. ஜெர்சியில் அந்த செப்டம்பரோடு ஒப்பந்தம் முடிந்துபோன வீரர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
கோல்டிங்டன் ரோடு மைதானத்தின் ஒரு சனிக்கிழமைப் பார்வையாளர்