மாமாவின் மேட்டில் புல் வளர்ந்திருக்கும்

மன்னார்குடி,
ஆகஸ்ட் 18, 2026

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நலம். நீயும் மருமகளும் நலமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, உங்கள் கொரியாவின் அறுவடைத் திருநாளான சூசொக் விடுமுறைக்கு ஜப்பான் போக டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். அப்போது எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. போனை வைத்த பிறகு இரவெல்லாம் அதுவே மனத்தில் ஓடியது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

இந்த ஆண்டு செப்டம்பர் 25 அன்று வருவது உன் மாமனார் இல்லாத முதல் சூசொக். தை மாதக் குளிரில் அவரை அந்த மலைச்சரிவில் மண்மேடு எழுப்பி அடக்கம் செய்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போய்விட்டன. புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். திருநாளுக்குச் சில வாரம் முன்பே முன்னோர் சமாதிக்குப் போய்ப் புல் வெட்டுவதை 'பொல்சோ' என்பார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அந்த வீட்டில் இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்த மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார். வேறு யார் போய் வெட்டுவார்கள்?

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் அங்கு வந்திருந்தேனே, அந்தக் காலைப் பொழுதை நீ மறந்திருக்க மாட்டாய். வீட்டில் படையல் முடிந்ததும் எல்லோரும் அவர்கள் ஊரான ஹேனாமின் மலைக்குப் போனோம். புல் முன்பே வெட்டியாகிவிட்டது. ஆனாலும் மாமா கறுப்புக் கோட்டோடு மண்டியிட்டு, இயந்திரம் விட்டுவைத்த நாலைந்து புல்லை நாற்றங்காலில் களை எடுப்பதுபோல விரலால் பிடுங்கினார். மண்ணை உள்ளங்கையால் தட்டிவிட்டார். மேட்டின் மேல் மதுவை ஊற்றி, நெற்றி தரையில் பட இரண்டு முறை வணங்கினார். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு முறை, மறைந்தவர்களுக்கு இரண்டு முறை என்று நீ என் காதருகே சொன்னாய். பிறகு என்னைக் காட்டி மேட்டைப் பார்த்து ஏதோ பேசினார். என்ன என்று கேட்டேன். "இந்தியாவிலிருந்து சம்பந்தி வந்திருக்கிறார் என்று தன் அப்பாவிடம் சொல்கிறார்" என்றாய். அந்த மனிதரின் மேட்டில்தான் இப்போது புல் வளர்ந்து நிற்கிறது.

அதற்கு முந்தின நாள் இரவு சம்பந்தி அம்மாவும் நானும் சோங்பியன் பிடித்தோம். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது. மாவு எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. புது அரிசி மாவில் சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து, எள்ளும் சர்க்கரையும் உள்ளே வைத்து மூடுவது. நம் கொழுக்கட்டைதான், வேறென்ன! அவர் பிடித்ததெல்லாம் அரை நிலா. என் கை பழக்கத்தில் முனை வைத்து மூடிவிட்டது. அவர் அதைத் திருத்தவில்லை. எடுத்து ஆவிப் பாத்திரத்தின் நடுவில் வைத்தார். நாம் இட்லித் தட்டில் துணி விரிப்பதுபோல அவர்கள் பைன் மரத்தின் ஊசியிலையைப் பரப்புகிறார்கள். சோங்பியனில் வரும் 'சோங்' அந்த மரத்தின் பெயர்தானாம். வெந்ததும் குளிர்ந்த நீரில் அலசி நல்லெண்ணெய் தடவித் தட்டில் அடுக்கினார். ஓர் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் எடுத்துவிட்டு எனக்கு ஊட்டினார். அந்த மணம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

முழு நிலா நாளில் ஏன் அரை நிலாவாகப் பிடிக்கிறார்கள் என்று அன்று கேட்டேன். மாமா ஒரு கதை சொன்னார். பழைய கொரியாவில் பெக்சேயும் சில்லாவும் பகை நாடுகள். பெக்சே அரண்மனையில் மண்ணைத் தோண்டியபோது ஓர் ஆமை கிடைத்ததாம். அதன் முதுகில், பெக்சே முழு நிலா, சில்லா அரை நிலா என்று எழுதியிருந்ததாம். முழு நிலா தேயும், அரை நிலா வளரும் என்று பொருள் சொன்ன குறிகாரனை அரசன் கொன்றுவிட்டான். 660இல் பெக்சே விழுந்தது, சில்லா வென்றது. வளரும் நிலா என்பதால்தான் அந்த வடிவமாம்.

சூசொக்கின் தொடக்கத்தையும் சில்லாவில்தான் சொல்கிறார்கள். 1145இல் தொகுத்த 'சம்குக் சாகி' என்ற வரலாற்று நூலில் இருக்கிறது. யூரி அரசன் காலத்தில் தலைநகரப் பெண்களை இரண்டு அணியாகப் பிரித்து, அணிக்கு ஓர் இளவரசியைத் தலைமை வைத்து, நிலாக் கணக்கின் ஏழாம் மாதம் நடுவிலிருந்து சூசொக் நாளான எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள் வரை நெய்யவிட்டார்களாம். தோற்ற அணி, வென்ற அணிக்கு விருந்து போட வேண்டும். அந்த விருந்தில் தோற்ற பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்து ஆடி, "ஹ்வேசோ, ஹ்வேசோ" என்று துயரமாகப் பாடினாள். அந்தப் பாட்டு நிலைத்துவிட்டது. வென்றவர்கள் நெய்த துணியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, தோற்றவளின் குரல் ஏட்டில் ஏறியிருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தத் திருநாளின் மேல் தனிப் பிரியம்.

பெண்கள் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று நாளில் மருமகள் எண்ணெய்ச் சட்டியின் முன்னிருந்து எழுந்ததையே நான் பார்க்கவில்லை. ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். திருநாள் முடிந்து பெண்களுக்கு வரும் உடல்வலிக்கும் மனவலிக்கும் 'திருநாள் நோய்' என்று அங்கே பெயரே இருக்கிறது. 2022இல் கன்பூசிய நெறிக்குத் தலைமையான சொங்யுன்க்வான் அமைப்பே, எண்ணெயில் பொரித்தவை படையலுக்குத் தேவையில்லை, ஒன்பது வகை போதும் என்று அறிவித்தது. இதைச் சம்பந்தி அம்மாவிடம் நீ எடுத்துச் சொல். அவர் கேட்காவிட்டால் நீயே அடுப்பின் முன்னால் உட்கார். பாத்திரங்களை நீ கழுவு.

வழியெல்லாம் நெரிசல் என்கிறாய். உண்மைதான், ஊரே ஒரே நாளில் தன் ஊருக்குக் கிளம்புகிறது. ஆனால் இதைக் கேள். வடகொரியாவில் சொந்த ஊரை விட்டுவந்த முதியவர்கள், எல்லைக்கு அருகே இம்ஜின்கக் என்ற இடத்தில் கூடி, வடக்கே பார்த்துக் கும்பிடுகிறார்கள். 1985இல் அதற்கென்றே அங்கே ஒரு பீடம் கட்டியிருக்கிறார்கள். எழுபது ஆண்டுக்கு மேலாகியும் அவர்களால் தாய் தகப்பன் மேட்டில் ஒரு புல்லைக்கூடப் பிடுங்க முடியவில்லை. உனக்குப் பாதை திறந்திருக்கிறது, நீ இருக்கும் சுவோனிலிருந்து ஹேனாம் வரை.

உன் அப்பாவின் திதிக்கு நீ வர முடியாத ஆண்டுகளில் சித்தப்பாதான் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார். அதை நான் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. இங்கே உன் இடத்தில் நிற்க ஒருவர் இருக்கிறார். அங்கே யாரும் இல்லை. மருமகள் உன்னிடம் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். அப்பாவை இழந்த பெண், நீ ஜப்பான் என்றால் சரி என்றுதான் சொல்வாள். அவள் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதே.

செப்டம்பர் முதல் வாரத்திலேயே ஒரு சனிக்கிழமை போய்விடு. மழைக்குப் பின் புல்லுக்குள் குளவி கூடு கட்டியிருக்கும், ஆண்டுதோறும் அங்கே கொட்டு வாங்குகிறவர்கள் நிறைய என்று மாமாவே சொல்லியிருக்கிறார். முழுக்கைச் சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொள். முதலில் ஒரு நீளக் குச்சியால் புல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு இயந்திரத்தைப் போடு. ஓரத்துப் புல்லைக் கையாலேயே எடு, அவர் எடுத்ததுபோல. முடிந்ததும் எனக்கு ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
அம்மா