அக்கா, உங்கள் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது

அன்புள்ள அக்கா,

பிப்ரவரி 24 மறுபடியும் வந்து போய்விட்டது. உக்ரைனில் போர் தொடங்கிய அந்த விடியற்காலையைப் பற்றி எழுதப் போவதில்லை, உங்களுக்குத் தெரியாததா? உங்கள் பச்சை அட்டை நோட்டு என்னிடம் இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைந்துவிட்டது என்று நான் சொன்னது பொய்.

இதைத் தனியாகவே எழுதியிருக்கலாம். தனியாக எழுதியவற்றுக்குப் பதில் வருவதில்லையே! இந்த வலைப்பூவை மட்டும் நீங்கள் படிப்பதாக ஒருவர் சொன்னார். உங்கள் ஊர்க்காரர்களும் படிப்பதாக அவரே சொன்னார். ஆகவே நீங்கள் யாருக்காக ஒடேசாவில் தங்கினீர்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். ஊகிக்கிறவர்கள் ஊகித்துக்கொள்ளட்டும்.

மருத்துவம் படிக்க வந்தவரின் நோட்டில் எலும்பும் நரம்பும்தானே இருக்க வேண்டும்? உங்கள் நோட்டில் துறைமுகம் என்ற ஒரு சொல்லுக்குப் பதினோரு பக்கங்கள். ரஷ்ய மொழியின் ‘காவன்’ டச்சுக்காரர்களின் ‘ஹாவன்’ என்று மூன்றே வரிகளில் முடித்துவிட்டு, மிச்சத்தை எல்லாம் ‘லிமானு’க்குக் கொடுத்திருக்கிறீர்கள். பழைய கிரேக்கத்தில் ‘லிமேன்’ என்றால் துறைமுகம். பைசாந்தியக் காலத்து ‘லிமேனி’யை வாங்கித் துருக்கியர் ‘லிமான்’ ஆக்கினார்கள்; அவர்களுக்கும் அது துறைமுகம்தான். கருங்கடலின் வடகரைக்கு ஏறியதும் பொருள் புரண்டுவிட்டது. அங்கே கடல் உயர்ந்து ஆற்றுமுகங்களை விழுங்கியிருந்தது. பல இடங்களில் குறுக்கே மணல்திட்டு வளர்ந்து வாயை அடைத்திருந்தது. அப்படித் தேங்கிய நீர்ப்பரப்புக்கு உக்ரைனியரும் ரஷ்யரும் வைத்திருக்கும் பெயர்தான் லிமான். நம் ஊரில் கழி என்போமே, கிட்டத்தட்ட அது. செர்பியாவின் நோவி சாத் நகரில் டான்யூப் ஓரத்துக் குடியிருப்புக்கும் அதே பெயர். ஹீப்ருவுக்குப் போன கிரேக்கச் சொல்லோ ல-ம-ன என்ற மெய்கள் தலைகீழாகி ‘நமேல்’ என்று நிற்கிறது.

இவை எல்லாவற்றையும்விட உங்களுக்குப் பிடித்தது கடைசிப் பக்கம். இன்றைய கிரேக்கர்கள் துறைமுகத்தை ‘லிமானி’ என்கிறார்கள். தங்கள் வீட்டிலிருந்து போன சொல்லைத் துருக்கியர் வாயில் உருமாறிய பிறகு திரும்ப வாங்கிக்கொண்டார்கள். “கொடுத்தவனுக்கே அடையாளம் தெரியவில்லை, பார்” என்று குயால்னிக் லிமானில் கணுக்கால் வரை கருஞ்சேற்றில் நின்றுகொண்டு சிரித்தீர்கள். உப்பில் என் கால் வெடிப்புகள் எரிந்துகொண்டிருந்தன. உங்கள் பேச்சைக் கேட்பதற்காகக் கரையேறாமல் நின்றேன். அவ்வளவு பிடிக்கும் உங்களை.

அப்படிப்பட்ட என்னிடம் தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸை விட்டு இறங்கினீர்கள். பக்கத்து இருக்கையில் உங்கள் பை. பஸ் நகர்ந்தபோது நான் ஓட்டுநரிடம் கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் செய்தி வந்தது: ‘போ. நான் வரவில்லை.’ அதை நேரில் சொல்ல ஒரு நிமிடம் போதும், அக்கா. தடுத்திருப்பேன் என்று பயந்தீர்களா, அல்லது என்னோடு வந்துவிடுவோம் என்று பயந்தீர்களா?

த்னீஸ்டர் ஆறு லிமானில் சேர்வதற்குச் சற்று மேலே, பலாங்கா எல்லை வரிசையில் நின்றிருந்தபோது உங்கள் அம்மா கூப்பிட்டார். “அடுத்த பஸ்ஸில் வருகிறார் அம்மா” என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். இல்லாத அந்த பஸ்ஸை மூன்று நாட்கள் ஓட்டினேன். நீங்கள் சொல்லச் சொன்னீர்கள் என்பது உண்மை. மறுத்திருக்கலாம் என்பதும் உண்மை. அப்போது எனக்கு வயது பத்தொன்பது, நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, வேறு என்ன செய்திருப்பேன்? பிறகு உண்மை தெரிந்ததும் அவர் அழுதது என்னிடம். திட்டியதும் என்னைத்தான். உங்களுக்கு அந்த அழைப்பு வரவே இல்லை.

மோல்டோவாவைக் கடந்து, ப்ரூட் ஆற்றைத் தாண்டி ருமேனியாவில் இறங்கியபோது நள்ளிரவு. கூடாரத்தில் ஒரு பாட்டி என் கையில் சூப்புக் கோப்பையை வைத்து, விரல்களை அவரே மடக்கி மூடிவிட்டார். என்னமோ சொன்னார். ‘அஜுன்ஸ் லா லிமான்’ என்பது மட்டும் காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற பெண் ஆங்கிலத்தில் விளக்கினாள். ஆபத்தைத் தாண்டிப் பத்திரமான இடத்துக்கு வந்துவிட்டாய் என்று பொருளாம். லிமானுக்கு வந்து சேர்வது! நாம் கரை சேர்ந்தாயிற்று என்போமே, அதேதான். குளிரில் விறைத்த விரல்களோடு உங்களுக்குத்தான் எழுதினேன்: ‘அக்கா, ருமேனியர்களுக்கு லிமான் என்றால் கரை சேர்தல். நோட்டில் இது இல்லை!’

சூப்பு ஆறியது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விடிவதற்குச் சற்று முன்னால் பதில் வந்தது.

‘இங்கே லிமான் என்றால் சேற்றுத் தண்ணீர்தான். நீ தூங்கு.’

நீ ஓடிவிட்டாய், நான் சேற்றில் இருக்கிறேன் என்று அதைப் படித்தேன். புக்கரெஸ்டில் விமானம் ஏறும்வரை அப்படியே படித்தேன். அடுத்த மாதம் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னீர்களே, அப்போதும் அந்தக் கோபம் தணியவில்லை. தொலைந்துவிட்டது என்றேன். நீங்கள் ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் அன்றே அனுப்பியிருப்பேன்.

இப்போது தோன்றுகிறது: அந்த இரவில் சைரனுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு நீங்கள் வழக்கம்போல என் குறிப்பைத் திருத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அல்லது முதலில் நான் படித்ததே சரியாகவும் இருக்கலாம். ‘நீ தூங்கு’ என்ற இரண்டு சொற்களை எந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போகிறேன். நோட்டை அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். வாசலில் நிற்க வைத்தே அனுப்பினாலும் சரி. அவருக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது. உங்கள் கையெழுத்து என்பது புரியும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். லிமான் பக்கத்தின் அடியில், உங்கள் நீல மைக்குக் கீழே, பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘ருமேனியம் - கரை சேர்தல்.’ தவறென்றால் நீங்களே வந்து அழித்துக்கொள்ளுங்கள்.